போனில் கிரிக்கெட்: புதிதாகத் துடுப்பெடுப்பவர்களுக்கு

போன கிழமை ஒரு பின்னேரம் டச் பே கடற்கரையில் இருந்தபோது அக்காவின் மகன் தன் போனை என் கையில் தந்தான். ஐந்து ஓவர் மெட்ச். நான்காவது ஓவரிலேயே பத்து விக்கெட்டும் போய்விட்டது, மொத்தம் 22 ஓட்டம். "மாமா, எனக்கு இதில பெட் பண்ண வருதே இல்ல, இனி போலிங் மட்டும்தான் செய்யப்போறன்" என்றான். சரி, இன்னொரு மெட்ச் போடு என்று சொல்லிவிட்டு, திரையைப் பார்க்காமல் அவனுடைய விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்துவீச்சாளர் ஓடிவரத் தொடங்கும்போதே வலது பெருவிரல் தூக்கி அடிக்கிற பட்டனுக்கு மேல் போய் நின்றுவிடுகிறது. பந்து கையை விட்டு வருமுன் அவன் சிக்ஸருக்கு முடிவெடுத்துவிடுகிறான். அதற்குப் பிறகு யோர்க்கர் வந்தாலும் அதே அடிதான், பவுன்சர் வந்தாலும் அதே அடிதான்.

புதிதாகத் தொடங்குகிற எல்லோருக்கும் இருக்கிற சிக்கல் இதுதான். பந்து எங்கே குத்துகிறது என்று பார்த்த பிறகுதான் அடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த ஒரு பழக்கம் வந்தால் மற்றதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தானாக வரும். அன்று அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். பெரும்பாலும் போனில் விளையாடுகிறவர்களை மனதில் வைத்து எழுதியது. சென்னையிலிருந்து நெக்ஸ்ட்வேவ் நிறுவனம் வெளியிடுகிற வேர்ல்ட் கிரிக்கெட் சாம்பியன்ஷிப் வரிசை, நோட்டிலஸ் மொபைலின் ரியல் கிரிக்கெட் போன்றவை. கம்ப்யூட்டரிலோ கேம்பேடிலோ விளையாடுகிறவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும், அவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதைக் கடைசிப் பக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் போனை ஒழுங்குபடுத்துங்கள்

இதைப் பலர் தவற விடுகிறார்கள். துடுப்பாட்டம் முழுக்க நேரக் கணக்கு என்பதால் போன் இழுத்து இழுத்து ஓடினால் உங்கள் திறமை எதுவும் உதவாது. எங்கள் திருகோணமலையில் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மத்தியானம் போனைத் தொடவே முடியாது, அவ்வளவு சூடு. சூடு கூடினால் போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், படம் தட்டித் தட்டி ஓடும், நீங்கள் சரியான நேரத்தில் அழுத்தினாலும் கேமுக்கு அது பிந்திப் போய்ச் சேரும். அதனால் சார்ஜில் போட்டுக்கொண்டு விளையாடாதீர்கள், தடித்த கவர் இருந்தால் கழற்றி வையுங்கள், கிராபிக்ஸை ஒரு படி குறைத்துவிடுங்கள். புல் அழகாகத் தெரியாது, ஆனால் பந்து சீராக வரும். அதுதான் நமக்கு வேண்டும்.

கடற்கரையில் உட்கார்ந்து விளையாடினால் இன்னொரு தொல்லை. உப்புக் காற்றும் வியர்வையும் சேர்ந்து திரையில் ஒரு பிசுபிசுப்பு வரும். பெருவிரலை இழுக்கும்போது பாதியில் ஒட்டிக்கொண்டு நிற்கும், நீங்கள் பக்கவாட்டில் இழுத்தது நேராகப் போகும். பழைய பருத்தித் துணி ஒரு துண்டு சட்டைப் பையில் இருக்கட்டும், ஒவ்வொரு ஓவர் முடிவிலும் திரையையும் விரலையும் ஒரு தரம் துடையுங்கள். இதைச் செய்ய ஆரம்பித்த அன்றே மருமகனுடைய அடி நேராகிவிட்டது.

அப்புறம் செட்டிங்ஸுக்குள் போய்க் கட்டுப்பாட்டு வகையைப் பாருங்கள். பொதுவாக இரண்டு விதம் இருக்கும். ஒன்று, இடது பெருவிரலுக்குத் திசை காட்டும் வட்டம், வலது பெருவிரலுக்கு அடிக்கிற பட்டன்கள். மற்றது, எந்தப் பக்கம் பந்து போக வேண்டுமோ அந்தப் பக்கம் திரையில் விரலை இழுத்துவிடுவது. இழுக்கிற முறை பார்க்கச் சுலபமாக இருக்கும், ஆனால் திசையும் நேரமும் ஒரே அசைவில் வருவதால் புதியவருக்கு எது பிழைத்தது என்றே விளங்காது. பட்டன் முறையில் தொடங்குங்கள் என்பதுதான் என் கருத்து. திசை ஒரு கையில், நேரம் மற்றக் கையில். எது பிழைத்தாலும் உடனே தெரியும். நீங்கள் முந்தினீர்களா பிந்தினீர்களா என்று ஒவ்வொரு அடிக்கும் காட்டுகிற வசதி உங்கள் கேமில் இருந்தால் அதை நிறுத்தவே வேண்டாம்.

எது ஓஃப், எது லெக்

பெட்டைப் பிடித்து நிற்கும்போது உடம்பின் முன்பக்கம் ஓஃப், முதுகுப் பக்கம் லெக். கேமரா எங்கே நிற்கிறது என்பதை முதலில் பிடியுங்கள். டிவியில் பார்ப்பது போலப் பந்துவீச்சாளருக்குப் பின்னால் கேமரா இருந்தால், வலக்கை ஆட்டக்காரருக்கு ஓஃப் பக்கம் திரையின் இடப்புறம் வரும். கேமரா விக்கெட் காப்பாளர் நிற்கிற பக்கம் இருந்தால் ஓஃப் வலப்புறம். இடக்கை ஆட்டக்காரர் வந்தால் எல்லாம் மறுபக்கம் திரும்பும். இடக்கைக்காரர் சங்கக்காரவை வைத்து விளையாட ஆசைப்பட்டு, கவர் டிரைவ் (ஓஃப் பக்கம் முன்னோக்கித் தள்ளுகிற அடி) அடிக்கிறேன் என்று லெக் பக்கம் திருப்பி ஸ்டம்பைப் பறிகொடுக்கிற பொடியன்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் ஒரு கிழமைக்கு வலக்கை ஆட்டக்காரர்களோடு மட்டும் பழகுங்கள். ஜோடியில் ஒருவர் இடக்கை என்றால் ஒவ்வொரு ஒற்றை ஓட்டத்துக்கும் திசை மாறும், தொடக்கத்தில் அது பெரிய குழப்பம்.

ஒரு பந்தை மெதுவாகப் பார்ப்போம்

பந்துவீச்சாளர் ஓடி வருகிறார். இந்த நேரத்தில் இரண்டு பெருவிரலும் திரையைத் தொடாமல் ஒரு நூல் உயரத்தில் இருக்க வேண்டும். கண் துடுப்பாட்டக்காரரில் இருக்கக் கூடாது, ஆடுகளத்தின் நடுவில் இருக்க வேண்டும், ஏனென்றால் பல கேம்களில் பந்து குத்தப் போகிற இடத்தில் ஒரு சின்ன வட்டம் தோன்றும். அந்த வட்டம் வந்ததும் மனதுக்குள் ஒரே ஒரு கேள்வி: கிட்டவா, தூரமா? துடுப்பாட்டக்காரருக்குக் கிட்டக் குத்தினால் முன்னங்கால் அடி. பந்துவீச்சாளர் பக்கமாகத் தள்ளிக் குத்தினால் பின்னங்கால் அடி. இதை முடிவு செய்த பிறகுதான் இடது பெருவிரல் திசையைத் தொட வேண்டும். அந்தத் திசையையும் பந்துதான் சொல்லும். ஓஃப் ஸ்டம்புக்கு வெளியே வருவதை ஓஃப் பக்கம், காலுக்கு வருவதை லெக் பக்கம். பந்து குத்தி எழும்புகிறது, இப்போது வலது பெருவிரல் கீழே இறங்குகிறது. இவ்வளவும் நடப்பதற்கு உங்களுக்கு அரை விநாடி போலத்தான் கிடைக்கும். அதனால்தான் வரிசை மாறக் கூடாது: நீளம், திசை, கடைசியில்தான் அடி.

நீளம் என்று சொல்வதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். காலடியில் விழுவது யோர்க்கர். அதைத் தூக்க நினைக்கவே வேண்டாம், தடுப்புப் பட்டனை அழுத்துங்கள், அல்லது நேராகத் தரையோடு தள்ளுங்கள். லசித் மாலிங்க 2007 உலகக் கிண்ணத்தில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக அடுத்தடுத்த நான்கு பந்துகளில் நான்கு விக்கெட் எடுத்தவர். உண்மையான துடுப்பாட்டக்காரர்களே திணறிய பந்து என்றால், பெருவிரலால் ஆடுகிற நாம் அதைப் பத்திரமாகத் தடுத்துவிட்டாலே நல்ல ஆட்டம்தான்.

யோர்க்கருக்குக் கொஞ்சம் முன்னால் விழுந்து பெட்டுக்கு வாட்டமாக வருவதுதான் டிரைவுக்கான பந்து. முன்னங்கால், நேராகவோ கவர் பக்கமாகவோ, தரையோடு. புதியவருக்கு ஓட்டம் தரப்போவது இந்தப் பந்துதான், இதற்காகக் காத்திருக்கப் பழகுங்கள். இதற்கும் நடுக்களத்துக்கும் இடையில் விழுகிற 'குட் லெந்த்' பந்துதான் ஆபத்தானது. முன்னால் போவதா பின்னால் போவதா என்று தெரியாமல் தடுமாற வைப்பதற்காகவே பந்துவீச்சாளர்கள் அதை அங்கே போடுகிறார்கள். அதற்குத் தடுப்பு, அல்லது மெல்லத் தட்டிவிட்டு ஒரு ஓட்டம். ஓஃப் ஸ்டம்புக்கு நன்றாக வெளியே போனால் எந்தப் பட்டனையும் தொடாதீர்கள். விட்டுவிடுவதும் ஒரு அடிதான். நடுக்களத்தில் குத்தி நெஞ்சுக்கு வருவது குறைநீளப் பந்து. பின்னங்காலில் நின்று, ஓஃபுக்கு வெளியே என்றால் ஓஃப் பக்கம் வெட்டிவிடுகிற 'கட்', உடம்புக்கு நேராக என்றால் லெக் பக்கம் இழுத்து அடிக்கிற 'புல்'. தலைக்கு மேலே போகிற பவுன்சரை விட்டுவிடலாம், ஒரு ஓவரில் அப்படி எத்தனை போடலாம் என்று சட்டமே இருக்கிறது, திரும்பத் திரும்ப வராது.

பல போன் கேம்களில் முன்னங்கால், பின்னங்கால் என்று தனிப் பட்டன் இருக்காது. நீங்கள் காட்டும் திசையையும் பந்தின் நீளத்தையும் வைத்துக் கேமே காலைத் தேர்ந்தெடுக்கும். அப்படியென்றாலும் நீளத்தைப் பார்க்கத்தான் வேண்டும். நெஞ்சுக்கு வருகிற பந்துக்கு நேர்த்திசை கொடுத்தால் கேம் ஏதோ ஒரு அடியை ஆடிவிடும், ஆனால் அது விளிம்பில் பட்டு மேலே போகும்.

நேரம்

ஆடுகளம் ஸ்டம்பிலிருந்து ஸ்டம்புக்கு 22 யார், அதாவது 20.12 மீற்றர். மணிக்கு 140 கிலோமீற்றர் வேகத்தில் வருகிற பந்து துடுப்பாட்டக்காரரிடம் வந்து சேரக் கிட்டத்தட்ட அரை விநாடி. 80 கிலோமீற்றரில் வருகிற சுழற்பந்துக்கு அதைவிடக் கால் விநாடிக்கும் மேல் கூடுதலாக எடுக்கும். கேம்களும் இந்த வித்தியாசத்தைக் கொண்டுதான் செய்யப்படுகின்றன. வேகப்பந்துக்குப் பழகிய விரல் சுழலுக்கு எப்போதும் முந்தும். புதியவர்கள் சுழற்பந்தில் அவுட்டாவதற்குப் பந்து திரும்புவதை விட இதுதான் பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

எனக்கு உதவிய வழி இது. வேகப்பந்து என்றால் பந்து குத்துகிற அதே கணத்தில் அழுத்துவேன். சுழல் என்றால் குத்தட்டும் என்று விட்டு, வாய்க்குள் 'ஒன்று' என்று எண்ணிவிட்டு அழுத்துவேன். உங்கள் போனுக்கும் கேமுக்கும் இது கொஞ்சம் முன்பின் மாறும், கேமில் இருக்கிற வலைப்பயிற்சிப் பகுதியில் ஒரு ஐம்பது பந்து ஆடினால் உங்கள் கணக்கு கிடைத்துவிடும். முந்தினால் பந்து மேலே எழும்பும் அல்லது லெக் பக்கம் இழுபடும், பிந்தினால் ஓஃப் பக்கம் சறுக்கும், ஸ்லிப்பில் நிற்பவருக்கு வேலை வரும். கேம் 'முந்தி', 'பிந்தி' என்று எழுதிக் காட்டாவிட்டாலும் பந்து போன பக்கத்தை வைத்தே கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

ஓட்டம் ஓடுவது

அடிப்பதை மட்டும் பழகிவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள், பிறகு பாதிப் பேர் ரன் அவுட். ஓடுகிற பட்டனையும் திரும்பிப் போகிற பட்டனையும் மெட்ச் தொடங்கு முன்னரே தேடி வைத்துக்கொள்ளுங்கள். திரை மூலையில் களத்தின் சின்னப் படம் ஒன்று இருக்கும், அடித்தவுடன் கண் அங்கே போக வேண்டும். களத்தடுப்பாளரைக் காட்டுகிற புள்ளி பந்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தால் ஓட்டம் இருக்கிறது. புள்ளியும் பந்தும் சேர்ந்துவிட்டால் அழுத்தாதீர்கள். இரண்டாவது ஓட்டத்துக்கு ஒரு எளிய கணக்கு: முதல் ஓட்டத்தில் இருவரும் நடுவில் கடக்கும்போது களத்தடுப்பாளர் பந்தை இன்னும் எடுக்கவில்லை என்றால் போகலாம். ஏகாம்பரம் மைதானத்தில் டெனிஸ் பந்தில் ஆடினவர்களுக்கு இது உடம்பிலேயே இருக்கும், போனில் அதைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான்.

தூக்கி அடிக்கிற பட்டன்

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். முதல் பத்துப் பந்துக்கு அதைத் தொடாதீர்கள். சில கேம்களில் துடுப்பாட்டக்காரருக்கு ஒரு நம்பிக்கைப் பட்டை இருக்கும், ஒன்று இரண்டாக ஓட்டம் சேரச் சேர அது நிரம்பும், நிரம்பினால் அதே அடி இன்னும் தூரம் போகும். பட்டை வெறுமையாக இருக்கும்போது தூக்கினால் எல்லைக்கோட்டில் நிற்பவர் கைக்கு நேரே போகும்.

எப்போது தூக்கலாம்? பவர்பிளேயில். இருபது ஓவர் ஆட்டத்தில் முதல் 6 ஓவருக்கு களத்தில் போட்டிருக்கிற உள்வட்டத்துக்கு வெளியே களத்தடுப்பாளர் இரண்டு பேர்தான் நிற்க முடியும், அதற்குப் பிறகு ஐந்து பேர் வரை நிற்கலாம். ஒருநாள் ஆட்டத்தில் முதல் 10 ஓவர் அந்த இரண்டு பேர் கணக்கு. 1996 உலகக் கிண்ணத்தில் ஜயசூரியவும் களுவிதாரணவும் தொடக்க ஓவர்களில் உள்வட்டத்துக்கு மேலால் தூக்கி அடித்தது இந்த வெற்றிடத்தை நம்பித்தான். நீங்களும் அதையே செய்யலாம், ஆனால் சின்னப் படத்தில் வெளியே நிற்கிற அந்த இரண்டு புள்ளி எங்கே என்று பார்த்துவிட்டு. அவர்கள் லெக் பக்கம் நின்றால் நேராகவோ கவருக்கு மேலாலோ. சிக்ஸர் போகத் தேவையில்லை, உள்வட்டத்தைத் தாண்டி ஆளில்லாத இடத்தில் விழுந்தாலே பெரும்பாலும் உருண்டு பவுண்டரிக்குப் போய்விடும்.

அதே உலகக் கிண்ண இறுதிப்போட்டியில் அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 ஓட்டம் எடுத்த ஆட்டத்தின் வீடியோ கிடைத்தால் ஒரு தரம் பாருங்கள். ஒவ்வொரு பந்துக்கும் அவருடைய கால் எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள். துரத்துகிற மெட்சில் அவசரப்படாமல் எப்படி ஆடுவது என்று அதிலிருந்து நான் படித்தேன், இன்றைக்கும் கேமில் இலக்கைத் துரத்தும்போது அது ஞாபகத்துக்கு வரும்.

சுழல்

ஓஃப் சுழல் வலக்கை ஆட்டக்காரருக்கு உள்ளே வரும், லெக் சுழல் வெளியே போகும். உள்ளே வருவதை லெக் பக்கம் திருப்பலாம், வெளியே போவதைக் கவர் பக்கம் தரையோடு தள்ளலாம். சுழலுக்கு எதிராக அடிக்க முயன்றால்தான் பிழைக்கும். டெஸ்டில் 800 விக்கெட் எடுத்த முரளிதரனைப் போல இரண்டு பக்கமும் திருப்புகிற ஒருவர் கேமில் வந்தால், குத்தின பிறகு எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து ஆடுவதுதான் வழி. இறங்கி வந்து அடிக்கிற பட்டனும், முழங்காலில் இருந்து லெக் பக்கம் கூட்டி அடிக்கிற ஸ்வீப்பும் இருக்கும். இறங்குவதைக் கொஞ்சக் காலம் தள்ளிப் போடுங்கள், ஸ்டம்பிங் ஆகும். 2009இல் டில்ஷான் பிரபலமாக்கிய, விக்கெட் காப்பாளரின் தலைக்கு மேலால் தூக்கிவிடுகிற அடியும் பல கேம்களில் இருக்கிறது, பார்க்க ஆசையாக இருக்கும். அது வேகப்பந்துக்கு உரியது, சுழலுக்கு முயற்சிக்க வேண்டாம்.

ஒரு கிழமைப் பயிற்சி

நாளுக்கு இருபது நிமிடம் போதும். முதல் இரண்டு நாள் வலைப்பயிற்சியில் தடுப்பு மட்டும், ஒரு ஓட்டமும் தேவையில்லை. உங்கள் கேமில் நேரத்துக்குப் பச்சை நிறமோ 'சரி' என்ற குறியோ வந்தால், பத்துப் பந்தில் எட்டுக்கு அது வரும் வரை தடுத்துக்கொண்டே இருங்கள். மூன்றாம், நான்காம் நாள் தரையோடு டிரைவும் கட்டும். ஐந்தாம் நாள் சுழல் மட்டும். ஆறாம் நாள் சுலபமான நிலையில் ஐந்து ஓவர் மெட்ச், தூக்கி அடிக்கிற பட்டனை மறந்துவிட்டு. ஓவருக்கு ஐந்து ஓட்டம் வந்தாலே நன்று. ஏழாம் நாள் உங்கள் விருப்பம். நிலையைக் கூட்டும்போது ஒரு படி மட்டும் கூட்டுங்கள், ஏனென்றால் சில கேம்களில் கடினம் கூடும்போது பந்து குத்தும் இடத்தைக் காட்டுகிற வட்டம் பிந்தித் தெரியும் அல்லது தெரியவே தெரியாது. அப்போது பந்துவீச்சாளரின் கையைப் பார்த்து நீளத்தைக் கணிக்கப் பழக வேண்டியிருக்கும்.

கேம்பேட், கீபோர்ட்

இரண்டு குச்சி உள்ள கேம்பேடில் நிலைமை நல்லது. ஈஏ நிறுவனம் கிரிக்கெட் 07 கேமில் இந்த முறையைக் கொண்டுவந்தது, இப்போது பிக் ஆன்ட் நிறுவனத்தின் கிரிக்கெட் 24 போன்றவற்றிலும் இருக்கிறது. இடது குச்சி காலுக்கு, வலது குச்சி அடிக்கிற திசைக்கு. மேலே சொன்ன வரிசை இதில் கையிலேயே இருக்கிறது: முதலில் இடது, பிறகு வலது. இரண்டையும் ஒரே நேரத்தில் தள்ளாமல் இருந்தால் போதும். கீபோர்டில் எந்த எழுத்து எதற்கு என்பது கேமுக்குக் கேம் மாறும், கட்டுப்பாட்டுப் பக்கத்தைத் திறந்து தடுப்பு, தரையடி, தூக்கியடி, ஓட்டம் நான்கையும் ஒரு தாளில் எழுதித் திரைக்கு அருகில் ஒட்டிவையுங்கள். இரண்டாம் நாளே அந்தத் தாளைப் பார்க்க மாட்டீர்கள்.

இணையத்தில் மற்றவர்களோடு

இரண்டு மூன்று கிழமை போகட்டும். இணைப்பு மெதுவானால் நீங்கள் அழுத்துவது பிந்திப் போய்ச் சேரும், பழகின நேரக் கணக்கு குலையும். எங்கள் வீட்டில் இரவு எட்டு மணிக்குப் பிறகு அப்படித்தான். அதனால் மருமகனை விடியற்காலையில் ஆடச் சொல்லியிருக்கிறேன், பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் மட்டும். முதல் ஓவரை வெறும் தடுப்பாக ஆடி, எவ்வளவு பிந்துகிறது என்று பார்த்துவிட்டு, அந்த அளவுக்கு முன்கூட்டி அழுத்த வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அவன் ஆடினதைப் பார்த்தேன். ஐந்து ஓவரில் 41, மூன்று விக்கெட். இரண்டாவது ஓவரில் ஓஃப் ஸ்டம்புக்கு வெளியே ஒரு பந்து வந்தது, இரண்டு பெருவிரலும் திரைக்கு மேலே அப்படியே நின்றன, பந்து விக்கெட் காப்பாளரிடம் போனது.